நெற்குருத்துப் பூச்சியின் இனமும் பெயரும்

கதிர் வெளிவந்த நெல் வயலில், மற்றக் கதிர்களெல்லாம் பால் பிடித்துத் தலைசாயத் தொடங்கும் வேளையில், ஆங்காங்கே சில கதிர்கள் மட்டும் வெளுத்து நிமிர்ந்து நிற்பதை உழவர் யாவரும் கண்டிருப்பர். அத்தகைய கதிரைப் பற்றி மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிடும். அதன் அடியில் கடிபட்ட தடமும் புழுவின் கழிவும் இருக்கும். பயிர் இளமையாயிருக்கையில் இதே கேடு நேர்ந்தால் நடுக்குருத்து பழுப்பேறிக் காய்ந்துபோகும். அதுவும் இழுத்த மாத்திரத்தில் வந்துவிடும். முன்னதை வெண்கதிர் என்றும், பின்னதைக் குருத்துக் காய்தல் என்றும் வழங்குகிறோம். இவ்விரண்டையும் விளைவிப்பது குருத்துப் பூச்சி என்பது நாடறிந்த செய்தி.

ஆனால் குருத்துப் பூச்சி என்னும் சொல் ஒரே ஒரு பூச்சியைக் குறிப்பதாகக் கருதிவிடலாகாது. நெல்லின் தண்டைக் குடைந்து உள்ளிருந்து உண்ணும் புழுக்கள் பல. அவை வளர்ந்து வெளிவரும் அந்துப்பூச்சிகளும் வெவ்வேறு இனத்தவை. ஓர் இனத்திற்கு ஏற்ற தடுப்புமுறை மற்றோர் இனத்திற்குச் சிறிதும் பயன்படாமற் போவதுண்டு. உழவர் செலவிடும் பணமும் உழைப்பும் வீணாகாமலிருக்க வேண்டுமாயின், தம் வயலிலுள்ளது எந்த இனம் என்பதை முதலில் அறிதல் அவசியமாகிறது. தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் உள்ள வெப்பநாடுகளின் நெல் வயல்களில் மிகுதியாகக் காணப்படும் மஞ்சள் குருத்துப் பூச்சியை எடுத்துக்கொண்டு, அதன் இனம் எவ்வாறு வகுக்கப்பட்டது, அவ்வாறு வகுத்ததனால் உழவருக்கு யாது பயன் என்பவற்றை இங்குக் காண்போம்.

ஆணும் பெண்ணும்

இப்பூச்சியின் பெண்ணை நெல் விளையும் ஊர்களில் அறியாதார் இரார். முன் சிறகுகள் நல்ல மஞ்சள் நிறமுடையவை. ஒவ்வொன்றின் நடுவிலும் தெளிவான கரும்புள்ளி ஒன்று உண்டு. சிறகுகளைக் கூரைபோல் மடக்கிக்கொண்டு இலையில் அமர்ந்திருக்கையில் பக்கத்திற்கு ஒன்றாக இரு புள்ளிகளும் தெரியும். வயிற்றின் நுனியில் மஞ்சள் கலந்த பழுப்பு மயிர்க்குஞ்சம் அமைந்திருக்கும். இரவில் இலையின் நுனிப்பகுதியில் முட்டைகளைக் குவியலாக இட்டு, இக்குஞ்சத்தின் மயிரையே போர்வையாக்கி அவற்றை மூடிவிடுகிறது. ஒரு குவியலில் 50 முதல் 80 முட்டைகள் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் இருக்கும்.

ஆண் பூச்சியோ உருவில் சிறியது. நிறம் மங்கிய பழுப்பு. நடுப்புள்ளி இருந்தும் இல்லாததுபோல் மறைந்திருக்கும். சிறகு நுனியிலிருந்து சாய்வாக ஓடும் மங்கலான கோடும், ஓரத்தில் வரிசையாகச் சிறு புள்ளிகளும் காணப்படும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, இவை ஒரே முட்டைக் குவியலில் பிறந்தவை என்று கூறினால் நம்புவதற்கு எவரும் தயங்குவர். உழவர் தயங்குவதில் வியப்பில்லை. பூச்சியியல் அறிஞர்களே இதனால் நெடுங்காலம் குழப்பமுற்றனர்.

ஒரே நிலத்திற்குப் பல பட்டா

விலங்குகளுக்கும் பூச்சிகளுக்கும் இரு சொற்களாலான பெயர் இடும் முறையை ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் வகுத்தளித்தார். 1758 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூற்பதிப்பே விலங்கினப் பெயர்களுக்குத் தொடக்கமாக ஏற்கப்பட்டுள்ளது. முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். இதனைக் கிராமத்து வழக்கில் விளங்கிக்கொள்வதானால், நிலத்திற்குச் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் இருப்பதுபோல் எனலாம். ஒரு நிலத்திற்கு ஒரு பட்டாதான் இருத்தல் வேண்டும். இரு பட்டா இருந்துவிட்டால் எத்துணை வழக்கு மூளும் என்பதை நாம் அறிவோம். பூச்சிகளின் உலகிலும் அத்தகைய வழக்குகள் ஏராளம். அவற்றைத் தீர்ப்பதற்குச் சர்வதேச விதித்தொகுப்பே உள்ளது. முதலில் முறையாக வெளியிடப்பட்ட பெயருக்கே உரிமை என்பது அதன் தலையாய விதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வந்து குவிந்த அந்துப்பூச்சிகளைப் பட்டியலிடும் பணியைப் பிரான்சிஸ் வாக்கர் என்பவர் செய்துவந்தார். ஆயிரக்கணக்கான பூச்சிகளுக்கு அவர் பெயரிட்டார். விரைந்து செய்த வேலையாதலின் ஒரே பூச்சிக்கு இரண்டு மூன்று பெயர்கள் இட்டுவிட்டதும் உண்டு. 1863 ஆம் ஆண்டில் வெளியான அவரது பட்டியலின் ஒரு பகுதியில் கைலோ இன்செர்டுலாஸ் என்றொரு பெயர் காணப்படுகிறது. அதே ஆண்டில் வெளியான அடுத்த பகுதியில் திபானியா பைபங்க்டிபெரா என்று மற்றொரு பெயர். இரு புள்ளிகளைத் தாங்கியது என்பது பின்னதன் பொருள். நாம் மேலே கண்ட மஞ்சள் நிறப் பெண் பூச்சியை இப்பெயர் கண்முன் நிறுத்துகிறதன்றோ! அவ்வாண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் செல்லர் என்பவரும் ஷோனோபியஸ் பங்க்டெல்லஸ், ஷோனோபியஸ் மினுடெல்லஸ் என்று இரண்டு பெயர்களை வெளியிட்டார். இவையனைத்தும் ஒரே பூச்சிதான் என்பது பின்னரே தெளிவாயிற்று. ஆணும் பெண்ணும் இத்துணை வேறுபட்டிருப்பதே இக்குழப்பத்திற்குப் பெரிதும் இடந்தந்தது.

வாக்கரைப் பின்வந்தோர் கடுமையாகவே குறை கூறினர். அது முற்றிலும் நியாயமெனக் கூறுவதற்கில்லை. தொலைநாட்டிலிருந்து வந்த உலர்ந்த பூச்சி ஒன்று ஊசியில் குத்தப்பட்டு அவர் மேசைக்கு வருகிறது. அது எந்தப் பயிரில் வாழ்ந்தது, எதனோடு இணைந்தது, என்ன முட்டையிட்டது என்பவை அவருக்குத் தெரிய வழியில்லை. வயலில் நிற்பவர் ஒருவர் மாலைப்பொழுதில் எளிதாகக் கண்டறியக்கூடிய உறவை, அருங்காட்சியகத்தில் அமர்ந்திருப்பவர் சிறகின் நிறத்தைக் கொண்டு ஊகிக்க வேண்டியிருந்தது. இன்செர்டுலாஸ் என்னும் சொல்லே உறுதியற்றது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்டிருப்பது இவ்விடத்தில் பொருத்தமாகவே உள்ளது.

முந்திய பெயருக்கே உரிமை என்னும் விதிப்படி இன்செர்டுலாஸ் என்ற சிற்றினப் பெயர் நிலைத்தது. பேரினப் பெயரோ அதன்பின்னும் பலமுறை மாறிற்று. கைலோவிலிருந்து ஷோனோபியஸுக்குச் சென்றது. 1960 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிஞர் காமன் என்பவர், இதனையும் இதையொத்த சிலவற்றையும் பிரித்து டிரைபோரைசா என்னும் புதுப் பேரினத்தை நிறுவினார். 1981 ஆம் ஆண்டில் தாய்லாந்து நாட்டு அறிஞர் அங்கூன் லெவ்வானிச் இவ்வினங்கள் யாவற்றையும் மீண்டும் ஒப்பிட்டு ஆராய்ந்து, தனிப் பேரினம் வேண்டியதில்லை என்று கண்டு, 1832 முதல் வழங்கிவரும் சிர்ப்போபாகா என்னும் பழைய பேரினத்தில் சேர்த்தார். சிர்ப்போபாகா இன்செர்டுலாஸ் என்பதே இன்று வழங்கும் பெயர். இதனை எழுதும்போது வாக்கரின் பெயரைப் பிறைக்குறிக்குள் இடுவது மரபு; பெயரிட்டவர் வைத்த பேரினத்திலிருந்து பூச்சி இடம்பெயர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

சிர்ப்போபாகா என்றால் கோரை தின்பது என்று பொருள். ஆனால் இந்தப் பூச்சியின் புழு கோரையைத் தொடுவதில்லை. நெல்லையும் நெல்லின் காட்டு உறவினங்களையுமே நம்பி வாழ்வது. பெயர் ஒன்றாகவும் பிழைப்பு வேறாகவும் இருப்பது மனிதருள் மட்டும் காணப்படும் விந்தையன்று போலும்!

பழைய நூல்களையும் வேளாண்மை அறிக்கைகளையும் புரட்டும் ஆர்வலர் இதனை மனத்திற் கொள்ளுதல் நலம். ஷோனோபியஸ் பைபங்க்டிபெர், ஷோனோபியஸ் இன்செர்டெல்லஸ், டிரைபோரைசா இன்செர்டுலாஸ் என்று அவற்றில் காண்பவை வெவ்வேறு பூச்சிகளல்ல. மூன்றும் நம் மஞ்சள் குருத்துப் பூச்சியே. இதை அறியாதவர், முன்னோர் செய்த ஆராய்ச்சியை வேறு பூச்சியைப் பற்றியதென ஒதுக்கிவிடக்கூடும்.

வயிற்றில் அமைந்த செவி

அந்துப்பூச்சிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் செதிற்சிறகிகள் என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. சிறகைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடி உண்மையில் நுண்ணிய செதில்களாம். இவ்வரிசையில் இதுவரை அறியப்பட்டவை ஒன்றரை இலட்சம் இனங்களுக்கு மேற்பட்டவை. இவற்றைக் குடும்பங்களாகப் பிரிப்பதற்குச் சிறகின் நிறம் மட்டும் போதாது. நரம்பமைப்பு, வாயுறுப்பு, இனப்பெருக்க உறுப்பு ஆகியவற்றையெல்லாம் உருப்பெருக்கியில் பார்த்தாக வேண்டும்.

குருத்துப் பூச்சியைப் பைராலிடே என்னும் பெருங்குடும்பத்தில் வைத்திருந்தனர். பிற்காலத்தில் அதனின்று கிராம்பிடே என்னும் குடும்பம் தனியே பிரிக்கப்பட்டது. பிரிப்பதற்குக் காரணமாய் அமைந்தவற்றுள் முக்கியமானது செவி! இப்பூச்சிகளுக்குச் செவி தலையில் இல்லை. வயிற்றின் அடிப்பகுதியில் இருபுறமும் சவ்வுகள் அமைந்த செவிகள் உள்ளன. இரவில் இரைதேடும் வௌவால் எழுப்பும், நம் காதுக்கு எட்டாத கூரிய ஒலியை அவை உணர்ந்து தப்பித்துக்கொள்கின்றன. அச்செவியின் அறை ஏறக்குறைய மூடியிருப்பவை பைராலிடே. அகன்று திறந்திருப்பவை கிராம்பிடே. நெல்லின் இலைச்சுருட்டுப் புழுவும் இக்கிராம்பிடே குடும்பத்தைச் சேர்ந்ததே.

குருத்துப் பூச்சி அடங்கிய துணைக்குடும்பத்தின் தன்மை உழவருக்கு நேரடியாகப் பயன்படும். இவற்றில் அந்துப்பூச்சிக்கு உறிஞ்சுகுழல் மிகச் சிறுத்துப் பயனற்றுவிட்டது; ஆகவே வளர்ந்த பூச்சி உண்பதில்லை. சில நாட்களே வாழ்ந்து, இணைந்து, முட்டையிட்டு மடிகிறது. பயிரைத் தின்பது முழுக்க முழுக்கப் புழுவே. அப்புழுவும் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தண்டின் உள்ளே, மருந்து எட்டாத இடத்தில் கழிக்கிறது.

இரு நிலத்திற்கு ஒரே பட்டா

ஒரு பூச்சிக்குப் பல பெயர் இருந்த கதையைக் கண்டோம். அதனினும் தொல்லை தருவது, இரு பூச்சிகளுக்கு ஒரே பெயர் வழங்குவது. கரும்பின் நுனிக்குருத்துப் புழுவை நம் நாட்டு நூல்கள் நெடுங்காலம் நிவெல்லா என்னும் பெயரால் குறித்துவந்தன. வெள்ளைச் சிறகுடைய அழகிய அந்துப்பூச்சி அது. லெவ்வானிச் 1981 ஆம் ஆண்டு ஆராய்ச்சியில், கரும்பைத் தாக்குவது எக்ஸ்செர்ப்டாலிஸ் என்னும் வேறு இனம் என்பதையும், நிவெல்லா நெல்லில் வாழ்வது என்பதையும் தெளிவாக்கினார். வெளித்தோற்றத்தில் இரண்டும் வெள்ளை. இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பைக் கொண்டே ஐயமறப் பிரிக்க முடிந்தது.

இதனால் விளையும் பயனைச் சிந்தித்துப் பாருங்கள். கரும்பும் நெல்லும் அடுத்தடுத்து விளையும் ஊர்கள் நம்மிடையே பல. இரண்டிலும் ஒரே பூச்சி என்று எண்ணினால், நெல்லுக்கு வந்த கேட்டிற்கு அடுத்த வயல் கரும்பைக் காரணமாக்கத் தோன்றும். கரும்பு வெட்டும் வரை நெல்லுக்கு மீட்சியில்லை என்றும் நினைக்கத் தோன்றும். வேறு வேறு பூச்சிகள் என்று அறிந்தால் அத்தகைய பிணக்குக்கே இடமில்லை.

ஆயினும் எல்லாக் குருத்துப் பூச்சிகளையும் பற்றி இவ்வாறு கூறிவிட முடியாது. இளஞ்சிவப்புத் தண்டுப்புழு என்பதொன்று உண்டு. செசாமியா இன்பெரன்ஸ் என்பது அதன் பெயர். இது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. பருத்த உடலும் வைக்கோல் நிறமும் கொண்ட அந்துப்பூச்சி. இதன் புழு நெல்லோடு நில்லாமல் கேழ்வரகு, மக்காச்சோளம், கரும்பு, கோதுமை ஆகிய பயிர்களிலும் வாழும். ஆகவே இதன் திறத்தில் அடுத்த வயற்பயிரை ஐயுறுவது தவறாகாது. தண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளிருக்கும் புழு வெளிர்மஞ்சளா, இளஞ்சிவப்பா என்பது கண்ணுக்கே புலப்படும். உருப்பெருக்கியும் வேண்டியதில்லை.

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் பெருங்கேடு விளைவிப்பது இன்னோட்டாட்டா என்னும் வெள்ளைக் குருத்துப் பூச்சி. சிர்ப்போபாகா பேரினத்தைச் சேர்ந்ததாயினும் இதன் வழக்கம் வேறு. கோடையில் இதன் புழு அறுவடைத் தாளின் அடியில் உண்ணாமல் உறங்கிக் கிடக்கும். மழை பெய்தவுடன் உறக்கம் கலைந்து அந்துப்பூச்சிகளாகத் திரள் திரளாக வெளிவரும். அந்நேரத்தில் நாற்றங்கால் தயாராக இருப்பின் முட்டையெல்லாம் அதில்தான். 1920-களில் வான் டெர் கூட் என்னும் டச்சு அறிஞர் இதனை ஆராய்ந்து, பூச்சிகள் வெளிவந்து மடிந்தபின் விதைக்கும்படி காலம் தாழ்த்துவதே தக்க வழி என்று காட்டினார். 1989-90 பருவத்தில் மேற்கு ஜாவாவின் வடகரையில் இப்பூச்சியே பெருவாரியாகத் தோன்றிப் பயிரை அழித்தது. ஆண்டு முழுவதும் நெல் நிற்கும் இடங்களில் அடுத்தடுத்துத் தலைமுறைகளாகப் பெருகும் மஞ்சள் பூச்சிக்கு இந்த ஒரு முறையையே நம்பியிருத்தல் போதாது. ஒரு பருவத்துப் பயிருக்கும் அடுத்த பருவத்துப் பயிருக்கும் இடையே நெல்லற்ற இடைவெளி ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் அமைந்தால்தான் அதன் தொடர்ச்சி அறும். தனி ஒருவர் செய்யக்கூடிய காரியமன்று இது. பாசன வாய்க்காலைப் பகிர்ந்துகொள்வோர் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டியது.

முட்டை முதல் தாள் வரை

மஞ்சள் பூச்சியின் முட்டை 5 முதல் 9 நாட்களில் பொரிக்கும். வெளிவந்த சிறு புழுக்கள் இலை நுனிக்கு ஏறி, நூல் விட்டுத் தொங்கி, காற்றில் அசைந்து பக்கத்துப் பயிர்களுக்குப் பரவும். பின் இலையுறைக்குள் நுழைந்து, அங்கிருந்து தண்டுக்குள் சென்றுவிடும். பெரும்பாலும் ஒரு தூரில் ஒரு புழுவே தங்கும். ஏறத்தாழ ஒரு மாதம் உள்ளிருந்து உண்டு, வெளியேறுவதற்கு ஒரு துளையும் இட்டுவைத்து, தண்டின் அடியில் வெண்பட்டுக் கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகிறது. ஒன்றரை மாதத்திற்கும் இரண்டு மாதத்திற்கும் இடையே ஒரு தலைமுறை முடிகிறது.

இவ்வரலாற்றில் புழு வெளிப்பட்டிருக்கும் காலம் மிகச் சிறிது என்பதைக் கவனித்தல் வேண்டும். வெண்கதிர் கண்ணுக்குத் தெரிந்தபின் மருந்து தெளிப்பதால் அக்கதிர் பிழைக்கப்போவதில்லை. குருத்துக் காய்தல் தோன்றும் தூர்விடும் பருவத்திலோ, பயிர் புதுத்தூர்களை விட்டு இழப்பை ஓரளவு ஈடுசெய்துகொள்ளும். ஆகவே காய்ந்த குருத்து ஒன்றிரண்டைக் கண்டதும் தெளிப்பான் தூக்குவது அவசரம். சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல், அல்லது நூற்றுக்குப் பத்துக் குருத்துக் காய்தல், அல்லது நூற்றுக்கு இரண்டு வெண்கதிர் என்பதே நம் மாநில வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்துள்ள பொருளாதாரச் சேதநிலை. தேவையின்றி மருந்தடிப்பின் சிலந்தியும் நன்மை செய்யும் குளவியும் மடிந்து, புகையான் பெருக வழி ஏற்படும்.

முட்டை இலை நுனியில் இருப்பதால், நாற்றை நடுமுன் நுனியைக் கிள்ளிவிடுவது எளிய முறை, செலவும் இல்லை. ஆனால் பாக்டீரியா இலைக்கருகல் நோய் உள்ள இடங்களில் கிள்ளிய காயத்தின் வழியே நோய் பரவுமாதலின் அங்கு இதனைத் தவிர்த்தல் வேண்டும். மேலும் இளஞ்சிவப்புத் தண்டுப்புழுவின் தாய்ப்பூச்சி இலையுறைக்கும் தண்டுக்கும் இடையே, வரிசையாக, மயிர் மூடாமல் முட்டையிடும். நுனியைக் கிள்ளுவதால் அதற்கு யாதொரு கேடும் இல்லை. இனம் அறியாமல் முறையைக் கையாண்டு, முறையையே பழிப்பவர் இத்தகைய இடத்தில்தான் தோன்றுகின்றனர்.

மயிர்ப்போர்வைக்குள்ளும் புகுந்துவிடும் பகைவர் குருத்துப் பூச்சிக்கு உண்டு. ட்ரைக்கோகிரம்மா ஜப்பானிகம் என்னும் மிகச் சிறிய குளவி முட்டைக்குள் முட்டையிட்டு அதனை அழிக்கிறது. நட்ட 30 ஆம் நாளும் 37 ஆம் நாளும் எக்டேருக்கு 5 கன சென்டிமீட்டர் வீதம் இக்குளவி முட்டையட்டைகளை வயலில் கட்டும்படி பரிந்துரைக்கப்படுகிறது. இங்கும் இனம் முக்கியம். கரும்பில் கட்டப்படுவது ட்ரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்னும் வேறு இனம். ட்ரைக்கோகிரம்மா குவியலின் மேற்புற முட்டைகளையே பெரும்பாலும் எட்டுகிறது. டெலினோமஸ் வகைக் குளவிகளுள் ஒன்றின் சாமர்த்தியம் வியக்கத்தக்கது. அது தாய்ப்பூச்சியின் மயிர்க்குஞ்சத்திலேயே ஒட்டிக்கொண்டு பயணம் செய்து, முட்டை வெளிவரும்போதே, மயிர் மூடுவதற்கு முன், தன் காரியத்தை முடித்துக்கொள்கிறது. டெட்ராஸ்டிகஸ் ஷோனோபீ என்னும் மூன்றாவது குளவியின் ஒரு புழு பல முட்டைகளைத் தின்று வளரும். குருத்துப் பூச்சி ஷோனோபியஸ் என்ற பெயரைத் துறந்து நெடுநாளாகிவிட்டது. அதன் பகைவன் மட்டும் அப்பழைய பெயரை இன்றும் சுமந்து திரிகிறது.

ஆகவே, கையால் பொறுக்கிய முட்டைக் குவியல்களை நெருப்பிலிட்டுவிடாமல், குளவி மட்டும் வெளியேறக்கூடிய கண்ணுள்ள வலை கட்டிய மூங்கிற் கூடையில் வயலோரம் வைத்திருப்பது நல்லது.

பொறியில் விழுவது யார்?

பெண் பூச்சி ஆணை அழைக்க வெளியிடும் மணப்பொருளை அறிஞர்கள் 1980-களில் பிரித்தறிந்தனர். இரு வகை ஹெக்சாடெசினால் சேர்மங்கள் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்தது அது. அதே கலவையைச் செயற்கையாகச் செய்து, சிறு இரப்பர்க் குப்பியில் ஏற்றிப் பொறியில் வைத்தால், ஆண் பூச்சிகள் பெண் இருப்பதாக எண்ணி வந்து விழும். வேறு இனத்தின் கலவை வேறு. ஆகவே மஞ்சள் பூச்சிக்கான குப்பிக்கு இளஞ்சிவப்புத் தண்டுப்புழுவின் அந்துப்பூச்சி வாராது. மனிதர் அருங்காட்சியகத்தில் நூற்றாண்டுக் காலம் உழன்று பிரித்ததைப் பூச்சி தன் உணர்கொம்பினால் இருளில் ஒரு நொடியில் பிரித்துவிடுகிறது.

இப்பொறிகளைப் பற்றி ஒரு குறை அடிக்கடி எழக்கூடும். பொறி வைத்து ஒரு வாரமாகியும் குருத்துப் பூச்சி விழவில்லை, ஏதோ பழுப்பு நிறச் சிறு விட்டில்கள்தாம் விழுந்துள்ளன என்பதே அக்குறை. இக்கட்டுரையின் தொடக்கத்தில் கூறியதை நினைவுகூர்க. பொறிக்கு வருவது ஆண் மட்டுமே. ஆண் பழுப்பு நிறமானது. இரு கரும்புள்ளிகள் அதில் பளிச்செனத் தெரியா. அந்தப் பழுப்பு விட்டில்களே தேடிய பூச்சி. மஞ்சள் பூச்சி விழவில்லை என்று பொறியைப் பிடுங்கியெறியும் உழவர், 1863 ஆம் ஆண்டில் வாக்கர் இருந்த நிலையிலேயே இருக்கிறார். விளக்குப்பொறியிலோ ஆணும் பெண்ணும் ஆக இரண்டும் விழும். அவற்றோடு வேறு பூச்சிகள் பலவும், நன்மை செய்வன உட்பட, விழும். பூச்சிகளைத் திரளாகப் பிடித்தழிக்க எக்டேருக்கு 20 இனக்கவர்ச்சிப் பொறிகள் வேண்டும். நடமாட்டத்தை அறிவதற்கு மட்டுமானால் அதனினும் குறைவாகவே போதும். குப்பியைக் குறித்த காலத்தில் மாற்றுவதில் தவறக்கூடாது.

இரகங்களைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். திரூர்க்குப்பம் ஆராய்ச்சி நிலையம் அளித்த டி.கே.எம். 6 என்னும் நெல், தண்டுப்புழுவை ஓரளவு தாங்கும் குணத்திற்காகப் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கலப்புக்குப் பயன்படுத்தப்பட்டது. 1969 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஐ.ஆர். 20 அக்கலப்பில் பிறந்ததே. நம் ஊர் நெல் உலகிற்கு ஈந்த கொடைகளுள் அது ஒன்று. எனினும் மஞ்சள் குருத்துப் பூச்சியை முற்றிலும் எதிர்த்து நிற்கும் சாகுபடி இரகம் எதுவும் கிடையாது. எதிர்ப்புத்திறனுடையது என்று விளம்பரம் செய்யப்படும் விதையை வாங்குவோர், எந்தத் தண்டுப்புழுவை, எந்த அளவுக்கு என்று கேட்டுத் தெளிதல் வேண்டும்.

அறுவடையின்போது தாளை உயரமாக விட்டால் அடித்தண்டிலுள்ள புழுவும் கூட்டுப்புழுவும் அப்படியே தங்கிவிடும். தரையோடு அறுத்து, உடனே உழுது நீர் நிறுத்தினால் பெரும்பாலானவை மடியும். இயந்திர அறுவடையில் தாள் உயர்ந்து நிற்பது வழக்கமாகிவிட்டமையால் இவ்வுழவு முன்னிலும் அவசியமாகிறது.

ஐயம் எழுமிடத்து, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திற்குச் செல்வோர் பூச்சியின் நிறத்தை வாயால் விவரிப்பதைவிட, பிளந்த தண்டினுள் கண்ட புழுவையும், முட்டைக் குவியல் ஒட்டிய இலைத்துண்டையும், மஞ்சள் நிறமோ பழுப்பு நிறமோ கிடைத்த விட்டில்கள் இரண்டொன்றையும் வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் இட்டுக் கொண்டுசெல்க. புட்டியின் மேல் வயலின் பெயர், பயிரின் வயது, பிடித்த தேதி ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுதல் வேண்டும்.